வழுக்கி விழுந்தவன்

நாற்பது பேருக்குக் கட்டிய கொட்டடி.
நேற்று லாக்கப் கணக்கு நூற்றுப் பதினொன்று.
நான்தான் எழுதினேன்.
கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால்
துடைப்பத்துக்குப் பதில் பேனா கொடுத்திருக்கிறார்கள்.
இரவில் கதவோரம் ஒரு பாய் அகலம் எனக்கு.
ஆயுள் கைதிக்கு அதுவும் ஒரு உத்தியோகம்.

சித்திரைக்கு முந்தின வாரம் எப்போதும் இப்படித்தான்.
சாமி வரும் தெருவை மாநகராட்சி பெருக்கும்.
மிச்சத்தைப் போலீஸ் பெருக்கும்.
செல்லூர், கரிமேடு, வில்லாபுரம்,
பழைய வழக்குள்ளவன், வழக்கே இல்லாதவன்,
ஏட்டையாவை முறைத்துப் பார்த்தவன்,
வேன் வேனாய்ப் புது ஜெயில் ரோட்டில் கொட்டுவார்கள்.

ஆளுக்கு ஒரு சாண் நாலு விரல்.
ஒருக்களித்துத்தான் படுக்க முடியும்.
நடுச்சாமத்தில் யாராவது "திரும்பு" என்பார்கள்,
வரிசை முழுக்கத் தூக்கத்திலேயே திரும்பும்,
சட்டியில் மீனைப் புரட்டிப் போட்ட மாதிரி.

கக்கூஸ் ஒன்று. இடுப்பளவு மறைப்பு.
அதன் ஓரம் இல்லாதவனுக்கு.
ஜன்னலோரம் வாரம் ஆறு கட்டு பீடி.
வாங்குகிறவர் பெயரைக் கேட்காதீர்கள்.
கணக்கு நான்தான் வைக்கிறேன்.

சோணைமுத்து, இருபத்திரண்டு வயது,
கொட்டாம்பட்டிப் பக்கம்.
யாரோ நிறுத்திவைத்த டிவிஎஸ் ஐம்பதை
உருட்டிக்கொண்டு போனதாக வழக்கு.
ஜாமீன் கிடைத்து ஐம்பத்து நாலு நாளாயிற்று.
இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும்,
வீட்டுவரி ரசீதோடு.
அக்கா பஞ்சவர்ணம் மனு பார்க்க வந்தாள்.
இரட்டை வலைக்கு அந்தப் பக்கம் அறுபது பேர் கத்த,
இந்தப் பக்கம் அறுபது பேர் கத்த,
அவன் காதில் விழுந்தது ஒரே சொல்: ரசீது.
அவர்கள் இருப்பது கண்மாய்ப் புறம்போக்கு.
அதற்கு ஏது ரசீது.

வெளியே போகலாம் என்று
கோர்ட்டே சொன்ன ஆள்
கக்கூஸ் ஓரம் கிடந்தான்.

அருளானந்து பெயிண்டர். கெட்டவனில்லை.
திடீரென்று குடி நின்றதில் கை நடுங்கியது,
நாலு ராத்திரி கண் மூடவில்லை.
அன்றைக்கு எதிர்சேவை.
அழகர் தல்லாகுளம் வந்திருப்பார்.
யாரோ "திரும்பு" என்றார்கள்.
சோணைமுத்து திரும்பவில்லை.
காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது.

தட்டின் விளிம்பு, தரையில் தேய்த்துத் தேய்த்துக்
கூராக்கியது.
அப்புறம் இருட்டில்
எந்த ஊர் என்று கேட்டார்கள்,
ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள்,
அதற்குப் பின் கேள்வி இல்லை.
நாலு கொட்டடிக்கு இரண்டு வார்டர்.
சாவி வர இருபது நிமிஷம்.

நானும் கோரிப்பாளையத்தில் நின்றிருக்கிறேன்,
அழகர் இறங்கும் விடியலில்.
இதைவிட நெரிசல், விலா எலும்பு நொறுங்கும்.
காலை மிதித்தவனே நீர்மோர் வாங்கித் தந்தான்.
வெயில் ஏறினால் வீட்டுக்குப் போய்விடுவோம்
என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

காலையில் ஐயா சொல்லச் சொல்ல எழுதினேன்:
"மேற்படி விசாரணைக் கைதி
கழிவறையில் வழுக்கி விழுந்ததில் தலையில் காயம்."
வழுக்கி என்பதற்கு நடுவில் ஒரு ழு வரும்.
அதைச் சுழித்து எழுத எனக்குப் பிடிக்கும்.
பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஒரு கமிட்டி வரும், காரணம் கேட்கும்.
பீடி, கஞ்சா, சாதி, கோடை என்று நிரப்பித் தருவேன்.
எல்லாம் உண்மைதான்.
ரசீதுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
எனக்கும் இல்லை.

நூற்றுப் பதினொன்றில்
ஒருவன் ஆஸ்பத்திரி, ஒருவன் தனிக் கொட்டடி.
மதியம் வேனில் ஏழு பேர்.
இன்று லாக்கப் நூற்றுப் பதினாறு.
கக்கூஸ் ஓரத்தில் ஒரு பையன்,
எப்போது விடுவார்கள் அண்ணே என்கிறான்.

ஜன்னலோரத்துக்காரன் இந்த வாரம்
ஐந்து கட்டுதான் கொடுத்தான்.
ஒன்று பாக்கி என்று எழுதிக்கொண்டேன்.